போன்ல சூப்பரா இருக்கு... பிரஸ்ல தாங்குமா? - எது நிஜமான 'புரொஃபஷனல்' டிசைன் சாஃப்ட்வேர்?

அக்காவுக்கு வளைகாப்பு. பத்திரிகையை நீங்களே போனில் டிசைன் பண்ணிட்டீங்க. கேன்வாவோ, பிக்ஸல்லேப்போ, ஏதோ ஒண்ணு. ஃபேமிலி குரூப்பில் போட்டதும் சித்தி, மாமா, அத்தை என்று வரிசையாக ஹார்ட் விழுகிறது. அதோடு நின்றிருந்தால் பிரச்னையே இல்லை. பெரியப்பா ஒரு மெசேஜ் தட்டுகிறார்: "அருமையா இருக்கேப்பா... இதையே 300 காப்பி பிரின்ட் போட்டுடலாம்."

பிரஸ்ஸுக்குப் போகிறீர்கள். கவுன்ட்டரில் இருக்கும் அண்ணன் டிசைன் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. கேள்வியாகக் கேட்கிறார். "ஓபன் ஃபைல் இருக்கா தம்பி? ப்ளீட் விட்டிருக்கா? ஆர்.ஜி.பி-யா, சி.எம்.ஒய்.கே-வா? ஃபான்ட் எல்லாம் கர்வ் பண்ணியாச்சா?"

ஏதோ நம்மை மடக்குவதற்காகக் கேட்கிற மாதிரி இருக்கும். இல்லை. 'புரொஃபஷனல் சாஃப்ட்வேர்' என்று எதைச் சொல்கிறோம் என்பதற்கு விளம்பரங்களைவிட அந்த அண்ணனின் நாலு கேள்விகள்தான் சரியான பதில். உங்கள் திரையில் ஒரு படத்தை அழகாகக் காட்ட இன்றைக்கு எந்த ஆப்பாலும் முடியும். அந்த ஃபைல் உங்கள் கையைவிட்டுப் போய், இன்னொருவர் கம்ப்யூட்டரில் திறந்து, பிளேட்டாகி, பேப்பரில் மையாக விழுந்து, நாலு வருஷம் கழித்துத் திரும்பத் திறக்கும்போதும் நீங்கள் நினைத்த மாதிரியே இருக்கிறதா? அதற்கு உத்தரவாதம் தருகிற சாஃப்ட்வேர்தான் புரொஃபஷனல்.

ஃப்ரீலான்ஸாக லோகோவும் போஸ்டரும் செய்து சம்பாதிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். தப்பாக வந்த 300 காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்ற பேச்சு வரும்போது, பெரும்பாலும் எல்லாக் கண்களும் டிசைனர் பக்கம்தான் திரும்பும்.

விலையை வைத்து முடிவு பண்ணலாமா?

"மாசா மாசம் காசு கட்டுறோம்ல, அப்போ அது புரொஃபஷனல்தானே!" என்பது ஒரு கட்சி. "எத்தனை டூல் இருக்கு, எத்தனை எஃபெக்ட் இருக்கு" என்பது இன்னொரு கட்சி. ரெண்டு பேருக்கும் ஒரு பழைய கதை.

தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப், 1990 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதில் லேயர் என்ற விஷயமே கிடையாது. யோசித்துப் பாருங்கள், லேயர் இல்லாத ஃபோட்டோஷாப்! 1994-ல் வந்த 3.0 வெர்ஷனில்தான் லேயர் வந்தது. பல ஸ்டெப் பின்னால் போக உதவும் ஹிஸ்டரி வசதி 1998-ல், 5.0-வில். அதுவரை 'அன்டூ' ஒரே ஒரு ஸ்டெப்தான். ஒரு கோடு தப்பாகப் போட்டு, அதைக் கவனிக்காமல் அடுத்த கோடும் போட்டுவிட்டால் முடிந்தது கதை. இன்று உங்கள் போனில் இலவசமாகக் கிடக்கும் ஆப்பில் இதைவிட வசதி அதிகம்.

ஆனால், 1991-ல் வந்த 2.0-விலேயே சி.எம்.ஒய்.கே வந்துவிட்டது. லேயருக்கு மூன்று வருடம் முன்பே, ஹிஸ்டரிக்கு ஏழு வருடம் முன்பே. அச்சகத்துக்கு எது தேவையோ, அது முதலில் வந்தது. வேலை செய்கிறவரின் சௌகரியம் அப்புறம்தான். அந்த வரிசையே பாதி பதில்.

ஜப்பானில் தாட்சுவோ ஹொரியூச்சி என்று ஒரு பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வரைகலை சாஃப்ட்வேர் விலை அதிகம் என்று எக்ஸெலில் படம் வரைய ஆரம்பித்தார். ஆமாம், நம்ம ஆபீஸில் கணக்குப் போடுகிற அதே எக்ஸெல்தான். மலை, செர்ரிப் பூ என்று அசத்தலான ஓவியங்கள். கலைஞருக்கு எது கிடைத்தாலும் போதும் என்பதற்கு அவர் சாட்சி. அதற்காக எக்ஸெலை டிசைன் சாஃப்ட்வேர் என்று சொல்லிவிட முடியாது. திறமை உங்களுடையது. அதைச் சேதாரம் இல்லாமல் அடுத்த கைக்குக் கொண்டுசேர்ப்பதுதான் சாஃப்ட்வேரின் வேலை.

கோலமும் கோலத்தின் போட்டோவும்

'ஓபன் ஃபைல்' விஷயத்துக்கு வருவோம்.

பாட்டியிடம் ஒரு கோலம் கேட்டால், "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று ஒரு வரியில் சொல்வார். அந்த ஒரு வரியை வைத்து சின்ன வாசலிலும் போடலாம், தெரு முழுக்கவும் போடலாம். கோடு எங்கேயும் மங்காது. ஏனென்றால் உங்களிடம் இருப்பது படம் இல்லை, படத்தை வரையும் விதி. இதுதான் வெக்டர். அதே கோலத்தை போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். அதுதான் பிக்ஸல் படம்; ஜே.பி.ஜி, பி.என்.ஜி எல்லாம் இந்த ஜாதி.

கொஞ்சம் கணக்கு போட்டால் புரியும். இன்ஸ்டாவுக்கு நாம் செய்கிற சதுர போஸ்ட் 1080-க்கு 1080 பிக்ஸல். கையில் வைத்துப் படிக்கிற அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்பது வழக்கமான அளவு. 1080-ஐ 300-ஆல் வகுத்தால் 3.6 அங்குலம். அவ்வளவுதான். உள்ளங்கை அகலம்கூட முழுசாக வராது. ஒரு ஏ5 பத்திரிகைக்கே சுமார் 1748-க்கு 2480 பிக்ஸல் வேண்டும். இதில் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது இன்னும் சுருக்கிவிடும். (டாக்குமென்ட்டாக அனுப்பினால் தப்பிக்கலாம். இதைத் தெரிந்துகொண்டாலே பிரஸ் அண்ணனிடம் பாதி மரியாதை கிடைத்துவிடும்.)

"72-ஐ 300 ஆக்கிட்டேன் ப்ரோ" என்று சிலர் சொல்வார்கள். சாஃப்ட்வேரில் அந்த எண்ணை மாற்றினால் இல்லாத விவரம் புதிதாக முளைக்காது. தண்ணீர் ஊற்றினால் சாம்பார் அளவு கூடும், ருசி கூடாது.

ரோட்டோர ஃபிளெக்ஸுக்கு இந்தக் கணக்கு வேறு. தூரத்திலிருந்து பார்ப்பதால் அங்குலத்துக்கு 72-லிருந்து 100 பிக்ஸல் இருந்தாலே ஓடிவிடும். ஆனால் லோகோ மட்டும் எப்போதும் வெக்டர்தான். ஒரு கடை லோகோ விசிட்டிங் கார்டிலும் வரும், பில் புத்தகத்திலும் வரும், கடை போர்டிலும் வரும். ஏ.ஐ-யிடம் கேட்டு வாங்குகிற லோகோக்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகின்றன. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் கிடைப்பது ஒட்டிப்போன ஒற்றைப் படம். "பேரை மட்டும் மாத்துங்க" என்று கடைக்காரர் சொன்னால், மாற்ற அதில் தனியாக எழுத்தே இருக்காது.

ப்ளீட் சின்ன விஷயம்தான், சட்டென்று முடித்துவிடலாம். நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டும்போது பிளேடு ஒரு மயிரிழை அப்படி இப்படிப் போகும். பின்னணி கலர் சரியாக ஓரத்தோடு நின்றிருந்தால் வெள்ளைக் கோடு தெரியும். அதனால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகக் கலரை வழியவிட வேண்டும். அந்த வசதியும், வெட்டுக்குறியும் இல்லாத ஆப் பிரின்ட்டுக்கு ஆகாது.

திரையில் நீலம், தாளில் கத்தரிப்பூ

கலர்தான் அதிகம் பேரை அழவைத்த ஏரியா.

உங்கள் போன் திரை ஒளியால் கலர் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டினால் வெள்ளை. பிரஸ்ஸில் மை. சயான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நாலும் வெள்ளைத் தாளின் வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்துக் கலர் காட்டுகின்றன. அதனால் திரையில் தெரிகிற சில நிறங்கள் மையில் கிடையவே கிடையாது. கண்ணைப் பறிக்கும் நியான் பச்சை, தாளில் வாடின கொத்தமல்லி மாதிரி வரும். திரையின் சுத்தமான நீலம் பேப்பரில் கத்தரிப்பூ நிறமாகிவிடும்.

புரொஃபஷனல் சாஃப்ட்வேர் இந்த வித்தியாசத்தை ஒழித்துவிடும் என்று நினைக்காதீர்கள். இயற்பியலை யாரும் ஏமாற்ற முடியாது. அது செய்வது ஒன்றுதான்: முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோலும் ஒய்-யும் அழுத்தினால், 'தாளில் இப்படித்தான் வரும்' என்று திரையே மங்கிக் காட்டும். இதற்குப் பின்னால் இருப்பது கலர் புரொஃபைல். எந்த மெஷின், எந்தத் தாள், எந்த மை என்ற விவரத்தைச் சொல்லும் ஒரு சின்ன ஃபைல். இதற்குப் பொதுவான விதிகள் வகுக்க 1993-லேயே கம்பெனிகள் சேர்ந்து ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை ஆரம்பித்தன. ஏமாற்றம் பிரஸ்ஸில் வருவதைவிடத் திரையில் வருவது எவ்வளவோ மேல். காசு செலவாகாது.

கறுப்பு இன்னும் வேடிக்கை. 'கறுப்புதானே, அதில் என்ன இருக்கு' என்போம். ஆர்.ஜி.பி-யில் செய்த கறுப்பை, ஃபோட்டோஷாப் நெடுங்காலமாக டீஃபால்ட்டாக வைத்திருக்கும் அமெரிக்க அச்சு புரொஃபைலில் மாற்றினால் சயான் 75, மெஜென்டா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும். கூட்டினால் 300 சதவிகிதம் மை! பெரிய பின்னணிக்கு இது ஓகே. ஆனால் 'மதிய விருந்து: 12.30 மணி' என்கிற பொடி எழுத்து இந்த நாலு மையிலும் விழுந்தால்? நாலு பிளேட்டும் ஒன்றின்மேல் ஒன்று துல்லியமாக உட்கார வேண்டும். இம்மி விலகினாலும் எழுத்துக்குச் சிவப்பும் நீலமுமாக நிழல் விழும்; தூக்கக் கலக்கத்தில் படிக்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100, மற்றது மூன்றும் பூஜ்யம் என்று வைப்பார்கள். இப்படி ஒவ்வொரு மையையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த விடாத சாஃப்ட்வேர், பிரஸ்ஸைப் பொறுத்தவரை விளையாட்டுப் பொருள்தான்.

அப்புறம் தங்கக் கலர். நம் வீட்டுப் பத்திரிகைகளில் தங்கம் இல்லாமல் நடக்குமா? போனில் மஞ்சளையும் பழுப்பையும் கலந்து ஜொலிக்கிற மாதிரி ஒரு கிரேடியன்ட் போட்டுவிடலாம். பிரின்ட்டில் அது கடுகு கலராகத்தான் வரும். நாலு மையைக் கலந்து உலோகப் பளபளப்பைக் கொண்டுவரவே முடியாது. நிஜத் தங்கம் வேண்டுமென்றால் ஐந்தாவதாக ஒரு தனி மை, அல்லது ஃபாயில். அதற்கு, எங்கெல்லாம் தங்கம் வர வேண்டுமோ அந்தப் பகுதியை மட்டும் தனியே பிரித்து, 'இது தனி பிளேட்' என்று ஃபைலுக்குள்ளேயே சொல்ல வேண்டும். ஸ்பாட் கலர் என்பார்கள். இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, இன்டிசைன் மாதிரியானவற்றில் இது சாதாரண வேலை. சமூக வலைதளத்துக்கென்றே பிறந்த ஆப்களில் இந்தச் சிந்தனையே இருக்காது. அது அவற்றின் குற்றமும் இல்லை. அவை அதற்காகப் பிறக்கவில்லை.

தமிழ் தெரிந்த சாஃப்ட்வேரா?

உலகம் முழுக்க எழுதப்படும் 'பெஸ்ட் டிசைன் சாஃப்ட்வேர்' பட்டியல்களில் வராத ஒரு கேள்வி நமக்கு உண்டு. 'கொ' என்று டைப் செய்தால் 'கொ' என்று வருமா?

சிரிக்காதீர்கள். 'கொ' எழுத, ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று துண்டு வேண்டும். யூனிகோடில் சேமிக்கும்போது முதலில் க, பிறகுதான் அந்த உயிர்க்குறி. உச்சரிப்பின் வரிசை அது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி க-வுக்கு முன்னால் வைத்து, காலைப் பின்னால் வைக்க வேண்டியது சாஃப்ட்வேரின் பொறுப்பு. ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்துச் செய்த சாஃப்ட்வேருக்கு இந்த இடமாற்றமே தெரியாது. எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம் சிதறும். நகரத்து ரயில் நிலைய போர்டிலும், பெரிய பிராண்டு விளம்பரங்களிலும் தமிழ் இப்படிச் சிதறிக் கிடந்து, நாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கலாய்த்திருப்போம். டிசைனருக்குத் தமிழ் தெரியாததால், கடைசிவரை யாருக்கும் தப்பு தெரியவில்லை.

நம் போனில் மட்டும் தமிழ் ஒழுங்காக வருகிறதே என்றால், அதற்குக் காரணம் ஹார்ஃப்பஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் நிரல். எழுத்துத் துண்டுகளைச் சரியான இடத்தில் உட்காரவைப்பது மட்டுமே அதன் வேலை. ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் இருப்பது அதுதான். காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர்களில் தமிழ் தடுமாறிய காலத்திலேயே, இலவசமாகக் கிடைத்த ஒன்று ஒழுங்காகத் தமிழ் எழுதியது. விலைக்கும் 'புரொஃபஷனல்' பட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அடோபியின் இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான ஆதரவு 2012-ல் வந்த சி.எஸ்.6 வெர்ஷனில்தான் உள்ளே வந்தது. இன்றும் பலருக்கு அதில் தமிழ் உடைகிறது. காரணம், 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்' என்கிற ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்காததுதான். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸஸுக்குள் போய், டைப் பகுதியில் இந்திய மொழி ஆப்ஷன்களைக் காட்டச் சொல்லி ஒரு டிக் போட வேண்டும். இந்த ஒரு டிக் தெரியாமல், 'அடோபியில தமிழ் வராது' என்று முடிவுகட்டியவர்கள் எத்தனையோ பேர்.

இதற்கு முந்தைய தலைமுறை என்ன செய்தது? ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து ஃபான்ட் செய்தார்கள். பாமினி அப்படி ஒன்று. அதில் 'தமிழ்' என்று வர, கீபோர்டில் ஜே, கே, பி, ஓ, கடைசியாக ஒரு செமிகோலன் தட்ட வேண்டும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் மட்டும்தான். ஆனால் பேஜ்மேக்கரில் கச்சிதமாக அச்சானது. ஒரு தலைமுறை டி.டி.பி ஆபரேட்டர்கள் இதில் புலிகள். பார்க்காமலே தட்டுவார்கள். அவர்களைக் கிண்டல் செய்ய நமக்குத் தகுதி கிடையாது. தமிழைக் கண்டுகொள்ளாத சாஃப்ட்வேரைத் தமிழ் பேசவைத்தவர்கள் அவர்கள்.

விலை பிறகுதான் தெரிந்தது. பாமினியில் அடித்த புத்தகத்தை இன்று மின்னூலாகப் போட நினைத்தால், உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ தான். தேட முடியாது, காப்பி செய்தால் ஆங்கிலக் குப்பை வரும். ஒவ்வொன்றையும் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றி, பிறகு மெய்ப்பு பார்க்க வேண்டும். பேஜ்மேக்கரோ 2001-ல் வந்த 7.0-வோடு நின்றுவிட்டது. அந்த ஃபைல்களைத் திறக்க பழைய கம்ப்யூட்டர் ஒன்றை உயிரோடு வைத்திருக்கும் கடைகள் உண்டு.

ஆகவே, புதிதாக எந்த டிசைன் சாஃப்ட்வேரை இறக்கினாலும் முதல் வேலையாக 'கொழுக்கட்டை', 'நௌகா', 'ஸ்ரீ', 'க்ஷ' என்று தட்டிப் பாருங்கள். பிறகு பி.டி.எஃப் எடுத்து, அதிலிருந்து அந்த வார்த்தைகளை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். திரையில் சரியாக இருந்தும் ஒட்டும்போது சிதறினால், பிறகு தேடும்போது அந்த பி.டி.எஃப் உங்களைக் கைவிடும்.

"கர்வ் பண்ணியாச்சா?"

பிரஸ் அண்ணனின் கடைசிக் கேள்வி. நீங்கள் தேடித்தேடி ஒரு அழகான ஃபான்ட் போட்டிருப்பீர்கள். அது அவர் கம்ப்யூட்டரில் இல்லை. ஃபைலைத் திறந்தால் வேறு ஏதோ ஒரு ஃபான்ட் வந்து உட்காரும், வரி நீளும், கட்டத்தைவிட்டு வெளியே போகும். அதைத் தவிர்க்க எழுத்தை எழுத்தாக இல்லாமல் வரைந்த வடிவமாக மாற்றிவிடுவார்கள். கோரல்டிராவில் கன்ட்ரோல் + கியூ. இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ. அதன் பிறகு ஃபான்ட்டே தேவையில்லை. ஆனால், 'மாமா பேர்ல இனிஷியல் விட்டுப்போச்சு' என்று வீட்டிலிருந்து போன் வந்தால் திருத்தவும் முடியாது. அதனால் கர்வ் பண்ணாத காப்பி ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

இந்த மாதிரி இடறல்களை நீங்கள் கேட்காமலே எச்சரிப்பது புரொஃபஷனல் சாஃப்ட்வேரின் இன்னொரு அடையாளம். இன்டிசைனில் கீழே ஒரு சின்னப் புள்ளி இருக்கும். ஃபான்ட் காணோம், போட்டோ லிங்க் அறுந்துபோச்சு, எழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால் அது சிவப்பாகும். எல்லாம் சரியென்றால் பச்சை. 'பேக்கேஜ்' என்று கொடுத்தால் ஃபைல், அதில் பயன்படுத்திய ஃபான்ட்டுகள், போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கட்டிக்கொடுத்துவிடும். பிரஸ்ஸுக்கென்றே பி.டி.எஃப்/எக்ஸ் என்று ஒரு வகை உண்டு; ஃபான்ட்டை உள்ளேயே பொதித்துவைக்க வேண்டும், கலர் விவரம் தெளிவாக இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தரம் வைத்திருக்கும் பி.டி.எஃப். உங்கள் சாஃப்ட்வேரின் எக்ஸ்போர்ட் மெனுவில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். அந்த ஒரு மெனுவே நிறையச் சொல்லிவிடும்.

"எந்த வெர்ஷன்ல சேவ் பண்ணீங்க?" என்பதும் கோரல்டிரா புழங்கும் கடைகளில் தினசரி கேட்கும் கேள்வி. புது வெர்ஷனில் செய்ததைப் பழைய வெர்ஷன் திறக்காது. சேவ் செய்யும்போதே கீழே வெர்ஷன் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. கடையில் எந்த வெர்ஷன் என்று கேட்டு அதற்கேற்ப கொடுத்தால் ரெண்டு பேருக்கும் டென்ஷன் மிச்சம்.

உங்கள் ஃபைல், யார் கையில் சாவி?

அடோபி 2013-ல் பெட்டியில் போட்டு விற்பதை விட்டு, மாதச் சந்தாவுக்கு மாறியது. சந்தா நின்றால் சாஃப்ட்வேர் திறக்காது. இதில் ஒரு திகில் எபிசோடும் உண்டு. பான்டோன் என்பது உலகம் முழுக்க கலருக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் கம்பெனி. அதன் கலர் புத்தகங்களில் பெரும்பாலானவை அடோபி சாஃப்ட்வேருக்குள் கூடவே வந்துகொண்டிருந்தன. 2022 கடைசியில் அந்த ஏற்பாடு முறிந்தது. தனியாகக் காசு கட்டாதவர்கள் தங்கள் பழைய ஃபோட்டோஷாப் ஃபைலைத் திறந்தபோது, அந்தக் கலர் இருந்த இடத்தில் கறுப்பு! அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ரெண்டு கம்பெனிகளுக்கு நடுவே பேச்சு முறிந்தது, அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் ஃப்ரீஹேண்ட். இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர்ப் போட்டியாக இருந்த சாஃப்ட்வேர். அதை வைத்திருந்த மேக்ரோமீடியாவை அடோபி 2005-ல் வாங்கியது. 2007-ல் 'இனிமேல் புது வெர்ஷன் கிடையாது' என்று அறிவித்தது. அதிலேயே ஊறிய டிசைனர்கள் கொதித்துப்போய் 2011-ல் கோர்ட்டுக்கே போனார்கள். சாஃப்ட்வேர் செத்தால், அதில் செய்த வேலையும் கூடவே பூட்டிக்கொள்கிறது என்பதுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம்.

என்னைக் கேட்டால், ஃபைலை வெளியே எடுக்க வழிவிடாத சாஃப்ட்வேர் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அதற்கு அரை மார்க்தான். எஸ்.வி.ஜி, பி.டி.எஃப் மாதிரி யாரும் திறக்கக்கூடிய வடிவத்தில், எழுத்தும் கோடும் கலையாமல் எடுக்க முடிகிறதா என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். நாலு வருஷ வேலை சேர்ந்த பிறகு பார்ப்பது ரொம்ப லேட்.

அப்போ எதைத்தான் எடுக்கிறது?

வேலையைப் பொறுத்தது. இன்ஸ்டா போஸ்ட், யூடியூப் தம்ப்நெயில், வாட்ஸ்அப் பத்திரிகை என்றால் கேன்வா தாராளம். திரைக்காகச் செய்வதைத் திரையில் பார்க்கப்போகிறார்கள், கதை முடிந்தது. அதற்குப்போய் இல்லஸ்ட்ரேட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். கேன்வாவில் சி.எம்.ஒய்.கே பி.டி.எஃப் எடுப்பது கட்டணப் பதிப்பில் உண்டு. எளிமையான நோட்டீஸ், கார்டு அளவுக்குச் சமாளித்துவிடலாம். தனி பிளேட், தங்க மை என்று வந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

லோகோ பழக இங்க்ஸ்கேப் நல்ல ஆரம்பம். இலவசம், வெக்டர், எஸ்.வி.ஜி-தான் அதன் சொந்த வடிவம். அச்சுக்கான கலர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பலவீனம். புத்தகம், மலர், பல பக்க வேலை என்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது; சி.எம்.ஒய்.கே, ஸ்பாட் கலர், பி.டி.எஃப்/எக்ஸ் எல்லாம் காசில்லாமல். முகம் கொஞ்சம் பழைய காலத்து ஆபீஸ் மாதிரி இருக்கும், பழகிக்கொள்ளலாம். அஃபினிட்டியை 2024-ல் கேன்வா வாங்கி, 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகவே தருகிறது. அச்சு வேலைக்கு உறுதியான ஆள். ஆனால் அதன் பழைய பதிப்புகளில் இந்திய மொழி எழுத்துகள் ஒழுங்காக உட்காராதது நீண்டநாள் புகார். எனவே முதலில் கொழுக்கட்டை டெஸ்ட்!

கிராக் வெர்ஷன் பற்றியும் ஒரு வார்த்தை. வைரஸ், சட்டம் எல்லாம் ஒருபுறம். ஒரிஜினலாக வாங்கிய கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்கிற அன்று, உங்கள் பழைய வேலைகளின் சோர்ஸ் ஃபைலைக் காட்டத் தயங்குவீர்கள் பாருங்கள், அந்தச் சங்கடம் வேறு மாதிரி. இலவசமாகவே இவ்வளவு கிடைக்கும் காலத்தில் அது தேவையே இல்லை.

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால் பிரஸ்ஸுக்கு ஒரு போன் போடுங்கள். வெட்டின பிறகு என்ன சைஸ், எத்தனை கலர், எந்தத் தாள், எந்த ஃபார்மட்டில் வேண்டும்? ரெண்டு நிமிஷ வேலை. பிறகு அவர்கள் புரூஃப் அனுப்பும்போது போன் திரையில் மட்டும் பார்த்து ஓகே சொல்லாமல், முடிந்தால் ஒரு பிரின்ட் எடுத்து வீட்டில் ரெண்டு பேரை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். தேதியும் மண்டபத்தின் பெயரும் முதலில்.

கடைசியாக, எதில் செய்தாலும் மூன்று ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்: திருத்தக்கூடிய ஒரிஜினல், கர்வ் பண்ணின காப்பி, பிரஸ்ஸுக்குப் போன பி.டி.எஃப். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜமான ஃபைனல்' என்றெல்லாம் பெயர் வைக்காமல் தேதியைப் போட்டு வையுங்கள். எது பிரின்ட்டுக்குப் போனது என்று ராத்திரி 11 மணிக்குப் பிரஸ்ஸிலிருந்து போன் வரும்போது தேட வேண்டியிருக்காது.